பக்கத்துப் பெட்டியில் வருகிறவர்

போன வாரம் பாடி மேம்பாலத்துக்குக் கீழே பஸ் நின்றபோது ஓரத்துப் பேக்கரியிலிருந்து பிஸ்கெட் வேகிற வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் லேசாகக் கருகுகிற அதே வாசனை. சட்டென்று திரும்பிப் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். ஒரு காலேஜ் பையன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. 'பிஸ்கெட் வாசனை வந்தது, அவர் வந்துவிட்டார்' என்று கதைக்குக் கதை எழுதி எழுதி, எழுதினவளுக்கே அது பழக்கமாகிவிட்டது பார்.

இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். வேறு யாரிடமாவது சொன்னால் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துவிடுவார்கள்.

அன்றைக்கு நான் ஒரு பதிப்பகத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். சின்னப் பெண் ஒருத்தி நடத்துகிறாள். நம்முடைய பழைய மாத நாவல்களையெல்லாம் எங்கெங்கோ தேடிப் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒரே தொகுப்பாகப் போடப்போகிறாளாம். "இதுக்கு இப்போ பேரு கோஸி மிஸ்டரி மேடம். பயமும் இருக்கணும், படிச்சு முடிச்சா நிம்மதியாத் தூக்கமும் வரணும்" என்றாள். அட, நாம் பேர் தெரியாமலே இத்தனை காலம் அதைத்தான் செய்துகொண்டிருந்தோமா என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து ஒன்று கேட்டாள் பார்: "அந்தப் பேய் கடைசியில என்ன ஆச்சுன்னு நீங்க சொல்லவே இல்லையே. ஒரு கடைசி அத்தியாயம் எழுதிக் குடுங்க. அவருக்கு ஒரு மோட்சம் குடுத்துடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கேள்வியில்தானே அன்றைக்கு நம் கதையே நின்றுபோக இருந்தது. அன்றைக்காவது யோசனை கேட்க நீ இருந்தாய்.

எண்பதுகளின் கடைசி. திருநின்றவூரிலிருந்து காலையில் கிளம்பும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் லேடீஸ் கம்பார்ட்மெண்ட். நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல், நான் அங்கேயே ஒரு போல்ட் நட்டு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஒருத்தி அவரைக்காய் நறுக்குவாள், ஒருத்தி பூ கட்டுவாள், ஒருத்தி தலையைப் பின்னிக்கொள்வாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து துப்பறியும் கதை எழுதுவேன். முதல் நாளே என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாமே எய்துற? லவ் லெட்டரா?" என்றாய். கதை என்றேன். "அப்போ படி. ஓடுற வண்டியில நான் படிச்சா தலை சுத்தும்" என்று பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

படித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே ஒரு பிணம் விழுந்தது. "காலங்காத்தால இன்னாத்துக்குமே பொணம்? இட்லி இன்னும் தொண்டையிலேயே கீது" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. கொலை இல்லாமல் துப்பறியும் கதையா? "ஏன், திருடு போவறது இல்லியா? எங்க தெருவுல வெட் கிரைண்டரையே தூக்கிகினு பூட்டான். யாருன்னு இன்னிக்கு வரிக்கும் தெரியல. அத்தக் கண்டுபுடி பாப்போம்." பூ கட்டுகிறவள்கூடக் கையை நிறுத்திவிட்டு ஆமாம் ஆமாம் என்றாள். அந்த நிமிஷம் பிணம் போய் கிரைண்டர் வந்தது.

அப்புறம் ஒரு பந்தயம் ஏற்பட்டது. நான் படித்துக்கொண்டே வருவேன், யார் திருடன் என்று நீ சொல்ல வேண்டும். ஆவடி வருவதற்குள் நீ சொல்லிவிட்டால் அந்தத் திருடன் தேறமாட்டான், அன்றைக்கு ராத்திரியே நான் வேறு ஆளைப் போட வேண்டும். அம்பத்தூர் வரைக்கும் நீ திணறினால் அவன் பாஸ். எத்தனை திருடர்களைப் பட்டாபிராமிலேயே பிடித்துக் கொடுத்திருக்கிறாய் நீ! "பால்காரன்தான். ரொம்ப நல்லவனா எய்திட்டியே, அப்பவே தெரிஞ்சிபோச்சு" என்பாய். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. ஆனாலும் உட்கார்ந்து மாற்றுவேன். கதையில் துப்பறிகிற இரண்டு பெண்களும் நாம்தான், ஒரு டைப்பிஸ்ட், ஒரு தையல்காரி. "நான் இன்னா போலீசா?" என்று வெட்கப்பட்டாய். போலீஸ் இல்லை என்பதால்தான் உன்னிடம் எல்லாரும் வாயைத் திறப்பார்கள் என்றேன். அதில் உனக்கு ஒரே பெருமை.

பேயையும் நீதான் மாற்றினாய். நான் வழக்கம்போல வெள்ளைப் புடவை, மல்லிகை வாசனை, கொலுசுச் சத்தம் என்று எழுதி வைத்திருந்தேன். "அல்லா பேய்க்கும் ஒரே யூனிஃபார்மாமே?" என்று கேட்டாய் பார், கம்பார்ட்மெண்டே சிரித்தது. சரி, நீயே சொல்லு என்றேன். நீ ஜன்னல் கம்பி வழியாகப் பக்கத்துப் பெட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "ஆம்பளைப் பேயா வெய்யி. காக்கிச் சட்டை. வந்தா பிஸ்கெட் வாசனை வரணும். கூச்ச சுபாவம். லேடீஸ் பொட்டியில ஏறமாட்டாரு, பக்கத்துப் பொட்டியில நின்னுகினு வருவாரு. எதுனா சொல்லணும்னா, திருடனைக் காட்டணும்னா, ஒருவாட்டி இருமுவாரு." எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இப்படி மரியாதை தெரிந்த பேயை யார் கண்டது? பாடிப் பக்கம் பஸ்ஸில் போனாலே பிஸ்கெட் வாசனை வரும், அதை வைத்து வேடிக்கையாகச் சொல்கிறாய் என்று நினைத்தேன். உன் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்று தெரியும். எங்கே வேலை பார்த்தார் என்று நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை.

அந்தக் கதையை எடுத்துக்கொண்டு திருவல்லிக்கேணிக்குப் போனேன். அதற்கு முன்னால் எழுதின இரண்டும் திரும்பி வந்துவிட்டன. இதுவும் திரும்பினால் பேனாவை மூடிவிட்டு வீட்டில் பார்க்கிற மாப்பிள்ளைக்குத் தலையை ஆட்டுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். மாத நாவல் போடுகிற ஆசிரியர் மூக்குப்பொடியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா பேய் அப்படியே இருக்கே! ஒண்ணு, பேயே இல்லை, எல்லாம் ஆள் பண்ணின வேலைன்னு சொல்லணும். இல்லே, கடைசி அத்தியாயத்துல மந்திரவாதி வந்து ஓட்டணும். ரெண்டுல ஒண்ணு பண்ணிட்டு வாம்மா, போட்டுடறேன்."

போட்டுடறேன்! அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மந்திரவாதியை வரவழைத்தேன். எலுமிச்சம்பழம், உடுக்கை, வேப்பிலைக் கொத்து, சாட்டை. மறுநாள் காலையில் ட்ரெயினில் குரலை ஏற்றி இறக்கி அதைப் படித்தேன். பேய் அலறிக்கொண்டு தண்டவாளத்தோடு ஓடியபோது எல்லாரும் கைதட்டினார்கள். நீ மட்டும் தட்டவில்லை. ஆவடி போயிற்று, அண்ணனூர் போயிற்று, நீ பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாய்.

அம்பத்தூர் பிளாட்பாரத்தில் இறங்கி எல்லாரும் போன பிறகு என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாய். "எங்க வூட்டுக்காரரு பாடி பிஸ்கெட் கம்பெனிமே. அடுப்பாண்ட வேலை. எத்தினி தபா தொவச்சாலும் சட்டையில அந்த வாசனை போவாது. இதே வண்டியில பக்கத்துப் பொட்டியிலதான் வருவாரு. நான் இங்க எறங்கசொல்ல ஒருவாட்டி இருமுவாரு. நாலு பேர் முன்னால பேரு சொல்லிக் கூப்பிட வெக்கம். அதான் அவரு டாட்டா." வண்டி கிளம்பியது. அதன் கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்துவிட்டு, "அவரு ஒரு ஈ எறும்பை அடிச்சதில்லமே. அவரைப் போயி உன் ஆளு வேப்பிலையால அடிக்கிறான்" என்றாய்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மாற்றிவிடுகிறேன், புத்தகம் வராவிட்டால் போகட்டும் என்றேன். சும்மா சொல்லவில்லை, மெய்யாகத்தான் சொன்னேன். உனக்கு வந்ததே கோபம்! "போவட்டுமா? நல்லா கீதே நாயம். புத்தவமும் வரணும், அவரும் இருக்கணும். சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்றேன். புத்தவம் போடுற அந்த ஆளை நான் பாக்கறேன்."

சனிக்கிழமை நீ சர்ச்சுக்குப் போகும் நீலப் புடவையில் வந்தாய். உன் பாதருக்குத் தெரிந்தால் திட்டமாட்டாரா, பேய்க்கு வக்காலத்து வாங்குகிறாயே என்று வழியில் கேட்டேன். "பூசையில அவரு ஆத்துமா இளைப்பாறட்டும்னு நானே வேண்டிக்கிறேன். கதையில மட்டும் வேலைக்குப் போவட்டுமே. வூட்ல சும்மா குந்திகினு இருந்தா அவருக்கு ஆவாது" என்றாய்.

ஆசிரியர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். யார் இந்தம்மா என்றார். "கதையில வர்ற தையல்காரி" என்றாய் நீ, ஒரு தயக்கமும் இல்லாமல். உன் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சார், போலீஸ்காரரு ஒரு திருடனைப் புடிச்சாருன்னா, மறுநாளே அவரை வேலைய வுட்டுத் தூக்கிடுவீங்களா? இந்தப் பேயைத் தொரத்திட்டா அடுத்த மாசம் திருடனை யாரு காட்டிக் குடுப்பா?"

மூக்குப்பொடி விரலிலேயே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். "அடுத்த மாசமும் இதே மூணு பேரை வெச்சு எழுதுவியாம்மா?" நான் வாயைத் திறப்பதற்குள் நீ பதில் சொன்னாய். "எய்துவா சார். திருடனுங்களுக்கா பஞ்சம்?"

அப்படித்தான் அவர் பிழைத்தார், நானும் பிழைத்தேன். தொண்ணூறுகள் முழுக்க மாசம் தவறாமல் அவர் பக்கத்துப் பெட்டியில் வந்தார். காணாமல் போன சைக்கிள், கோயில் உண்டியல், கல்யாண மண்டபத்து அண்டா, எல்லாவற்றையும் நாம் மூன்று பேருமாகக் கண்டுபிடித்தோம். கடைசிப் பக்கத்தில் அம்பத்தூர் வரும், ஒரு இருமல் கேட்கும், கதை முடியும். அதை நான் படிக்கிறபோது நீ ஒவ்வொரு தடவையும் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பாய். ஸ்டேஷன் கடையில் புத்தகம் தொங்கினால் நின்று பார்ப்பாய். இது என் வீட்டுக்காரர் என்று யாரிடமும் சொன்னதில்லை. நமக்குள்ளேயே இருந்தது அது. கல்லறைத் திருநாளுக்கு ஒருமுறை நானும் உன்கூட வந்தேன். மெழுகுவத்தியும் சாமந்தியும் வைத்துவிட்டு, "இந்த மாசம் அண்டாத் திருடனைப் புடிச்சியாமே" என்று அவரிடம் நீ விசாரித்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். சந்தோஷமான சிரிப்புதான்.

பிறகு டி.வி. சீரியல் வந்தது, மாத நாவல் இளைத்துப்போய் நின்றது. நீ மகனோடு பூந்தமல்லிக்குப் போனாய், எனக்கு முழங்கால் வலி வந்தது. போனில் பேசும்போதும் ஏதாவது கதை சொல்லு என்பாய். சொன்னால் பாதியிலேயே திருடனைப் பிடித்துவிடுவாய். போன வருஷம் நீ போனாய். அவர் பக்கத்திலேயே உன்னை வைத்தார்கள். நான் ஒரு பிடி மண் போட்டேன்.

இப்போது இந்தச் சின்னப் பெண் மோட்சம் கேட்கிறாள். அவள்மேல் தப்பில்லை, அவளுக்கு என்ன தெரியும்? முடியாது என்று சொல்லிவிடத்தான் போனைக் கையில் எடுத்தேன். அவரைத் துரத்தமாட்டேன் என்று உனக்குச் சொன்ன வார்த்தை இருக்கிறது. ஆனால் அந்தப் பேக்கரி வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை. போனை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது. எழுதினதைப் படிக்கிறேன், கேள்.

காலை வண்டி. டைப்பிஸ்ட் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். தையல்காரியைக் காணோம். வண்டி கிளம்புகிற நேரத்தில் பிஸ்கெட் வாசனை வருகிறது. டைப்பிஸ்ட் எட்டிப் பார்க்கிறாள். நீலப் புடவை கட்டிக்கொண்டு ஒருத்தி பிளாட்பாரத்தில் வேகமாக வருகிறாள். லேடீஸ் கம்பார்ட்மெண்டைத் தாண்டிப் போகிறாள். அடுத்த பெட்டியின் வாசலில் நிற்கிற காக்கிச் சட்டை கையை நீட்டுகிறது. அவள் ஏறிக்கொள்கிறாள். அம்பத்தூர் வருகிறது. டைப்பிஸ்ட் இறங்குகிறாள். பக்கத்துப் பெட்டியிலிருந்து இரண்டு இருமல் கேட்கிறது.

அவ்வளவுதான். மோட்சமும் இல்லை, மந்திரவாதியும் இல்லை. வண்டி அதுபாட்டுக்குப் போகிறது. இந்த முடிவை உன்னால் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்று நினைத்து, தனியாக உட்கார்ந்து ஒருதரம் கைகூடத் தட்டிக்கொண்டேன்.

தட்டி முடிப்பதற்குள் உன் குரல் கேட்கிறது: "ஆவடி வரசொல்லவே எனக்குத் தெரியும்மே."