கேட்காமல் மூடு

நாள் 212. 09:10
நிலவின் தென்முனை நிலையம். காகிதக் குறிப்பேட்டில் எழுதுவது பொறியாளர் ஜெசிந்தா. காற்று சரி. மின்சாரம் சரி. சூரியப் புயலின்போது ஓடிக்கொண்டிருந்தால் கணினி கருகிவிடும் என்பதால் அணைத்துப் பார்க்கும் ஒத்திகை. பதினொரு நிமிடம்! திறந்திருக்கும் ஒவ்வொரு நிரலிடமும் “மூடலாமா?” என்று கெஞ்சிக்கொண்டு நிற்கிறது. எரிச்சல் தலைக்கேறுகிறது. புகார் அனுப்பிவிட்டேன்.

நாள் 214. 11:30
பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கார்வண்ணன்: “கட்டாய நிறுத்தம்னு ஒண்ணு இருக்கும்மா. மூடாத புரோகிராமை ரெண்டு செகண்ட்ல அதுவே கொன்னுடும். போட்டுடட்டுமா?”
போடுங்கள் என்றேன்.

நாள் 219. 16:05
இங்கே நாங்கள் இருவர்தான். இருளப்பன் பாறை எடுக்க வெளியே போனார். வழக்கம்போல ஒரு வெற்றுக் கோப்பில் தன் பெயரைத் தட்டி, சேமிக்காமல் விட்டுப் போனார்; திரும்பியதும் மூடுவார். ஆள் வெளியே இருக்கும்போது யாராவது கணினியை அணைத்தால், “சேமிக்கவா?” என்று கேட்டு அது நின்றுவிடும். எந்த விதிமுறையிலும் இல்லை. நாங்களே கண்டுபிடித்த காவல்.

16:48
புயல் எச்சரிக்கை. மூன்று நிமிட அவகாசம். பொத்தானை அழுத்தினேன். அவர் வந்திராவிட்டால் கணினி கேட்கும் என்றிருந்தேன்.
கேட்கவில்லை. ஆறு விநாடியில் எல்லாம் அணைந்துவிட்டது.

16:49
வெளிக்கதவைத் தட்டுகிறார். சுவர் அதிர்கிறது. கணினி இல்லாமல் கதவு திறக்காது. அது மறுபடி எழ நாற்பது நிமிடம். அவரிடம் இருபது நிமிடக் காற்று. உள்ளே கைச்சக்கரம் இருக்கிறது, தொண்ணூறு சுற்று. தூசி அடைத்து இறுகிக் கிடக்கிறது சனியன்.

16:52
கணினி இல்லாமலே பூமியோடு பேசும் தனி வானொலியில் கார்வண்ணன்: “ஆறே செகண்ட்! சூப்பர்ம்மா!”
இருளப்பன் வெளியே என்று கத்தினேன்.
“அவர் உள்ள வந்துட்டாரான்னு நீங்க பாக்கலியா?”
பாவி. அந்தக் கேள்வியைக் கொன்றவன் நீ. போடுங்கள் என்று பல்லிளித்தவள் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

16:59
நாற்பது சுற்று. உள்ளங்கை கிழிந்துவிட்டது. இன்னும் தட்டுகிறார். வானொலியைப் பிடுங்கி எறிந்தேன்.

17:06
எழுபத்தொன்று. அண்ணே, இன்னும் பத்தொன்பதுதான், தட்டிக்கிட்டே இருங்க

17:11
தொண்ணூறு. கதவு திறந்துவிட்டது.
யாரும் உள்ளே வரவில்லை.