இருமல் நோட்டு

ஜூன் 3, புதன்

கடைக்கு இன்று ஒரு பெரிய மனிதர் வந்தார். புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து மனைவி முகத்தில் சுருக்கம் தெரிகிறதாம், லென்ஸை மாற்றிக் கொடு என்கிறார். லென்ஸில் தப்பில்லை ஐயா என்று வாய் வரை வந்துவிட்டது. முதலாளி பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன்.

மாலை ஒத்திகை. வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம். அக்காவுக்கு இப்போதே கை சில்லிட்டுப்போகிறது. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவள், தான் எழுதியதைத் தானே மேடையில் பாடுவது இதுதான் முதல் தடவை. நாடகத்தின் பெயர் ‘லிஃப்ட் நின்ற நாள்’. ஆறு பேர் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள், பேசுவதைவிடப் பாடுவது அதிகம். யாரோ எப்போதோ எழுதி, ஒரே ஒரு முறை மேடையேறி, எல்லாரும் மறந்துபோன நாடகம். பழைய பாட்டுகள் தொலைந்துவிட்டன. எல்லாவற்றையும் அக்காதான் புதிதாக எழுதினாள்.

நாடகத்தில் அவள் லிஃப்ட் ஓட்டுகிற பெண். இடைவேளைக்கு முன் மற்ற ஐந்து பேரும் கண்மூடித் தூங்க, கதவில் தலை சாய்த்து அவள் மட்டும் தனியாகப் பாடுவாள். முடிந்ததும் விளக்கு அணைய வேண்டும். அணைப்பது நான். இன்று முடிந்த கையோடு அணைத்தேன். இருட்டு கச்சிதமாக விழுந்தது. இயக்குநரே நன்றாக இருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

ஜூன் 5, வெள்ளி

முதல் ஆட்டம். எழுபது நாற்காலி, நாற்பத்தொன்பது பேர்.

விளக்கு போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு, நோட்டு. பக்கவாட்டுக் கதவுக்கு மேலே என் அறை. அங்கிருந்து பார்த்தால் ஜனங்களின் முகம் ஒரு பக்கமாகத் தெரியும். யார் எங்கே சிரித்தார்கள், எங்கே இருமினார்கள், எந்த வரியில் போனை எடுத்தார்கள், எல்லாம் குறிக்க வேண்டும். அடுத்த ஒத்திகையில் டீ குடிக்கும்போது எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும். இது இயக்குநரின் வழக்கம். “கைதட்டல் மரியாதைக்கும் வரும். இருமல் மரியாதைக்கு வராதும்மா” என்பார். இருமல் வந்த இடத்தை வெட்டிவிடுவார். அதனால்தான் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் கத்திரி. அவரே நடிக்கவும் செய்கிறார், தூங்குகிற ஐந்து பேரில் ஒருவர்.

லிஃப்ட் நின்றதும் நல்ல சிரிப்பு. குண்டு வக்கீல் பாட்டுக்குக் கைதட்டல். கல்யாணப் பையன் பாட்டுக்கு அதைவிடப் பெரிய கைதட்டல்.

அக்கா பாட்டுக்கு ஒன்றுமில்லை.

தட்டுவார்கள், தட்டி முடிக்கட்டும் என்று விசைமேல் கை வைத்துக் காத்திருந்தேன். ஒருத்தரும் தட்டவில்லை. ஆறு எண்ணினேன். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அணைத்துவிட்டு உடனே ஹால் விளக்கைப் போட்டேன். இடைவேளைக்கு எழுந்து போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா, “என்னடி எழுதின?” என்றாள்.

“முதல் ஆட்டம்தானே” என்றேன்.

ஜூன் 6, சனி

இரண்டாம் ஆட்டம். அக்கா பாட்டுக்கு ஒன்றுமில்லை. ஓர் இருமல்.

ஜூன் 7, ஞாயிறு

மூன்றாம் ஆட்டம். அதே கதை. அவளுக்குத் தரும் நேரம் போதவில்லையோ என்று இன்று பத்து வரை எண்ணினேன். நான்காவது வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள், அவர் இவளைப் பார்த்தார். மேடையில் ஏதோ தப்பு நடந்துவிட்ட மாதிரி ஒரு முழி. பத்து எண்ணுவது எவ்வளவு நேரம் என்று இப்போதுதான் தெரிகிறது. என் அக்கா அத்தனை நேரமும் கண்ணை மூடிக்கொண்டு அங்கே நிற்கிறாள்.

ஜூன் 10, புதன்

டீ நேரம். நோட்டைப் படித்தேன். அக்கா பாட்டு வந்ததும் குரல் தானாகக் குறைந்தது. “சத்தமா படிம்மா” என்றார் கத்திரி. படித்தேன். அக்கா கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சுருதியை அரைக்கட்டை இறக்கிப் பாடிப் பார்த்தாள். பிறகு ஏற்றினாள். பிறகு வேகமாகப் பாடினாள். வேகமாகக் கேட்கப் பிடிக்காமல் கொடியில் காய்ந்த துணியை எடுத்துவரப் போனேன்.

“இது சரியா வரலேன்னா இன்னொரு தடவை எனக்குத் தைரியம் வராதுடி” என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், துணி மடித்துக்கொண்டே. நான் அவளைத் தெரியாதவளா? சொன்னால் சொன்னதுதான்.

ஜூன் 13, சனி

ஐந்தாம் ஆட்டம். முன்வரிசையில் ஒருத்தன் அந்த மௌனத்தில் லேசாகச் சிரித்துவிட்டான். கண்ணாடிக்காரன். அவன் மட்டும் என் கடைக்கு வரட்டும்.

ஜூன் 14, ஞாயிறு

ஆறாம் ஆட்டம். எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதினேன், நோட்டில்.

ஜூன் 15, திங்கள்

கத்திரி வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இடைவேளைக்கு முன்னால ஹாலையே கொன்னுடுது. இந்த வாரம் மூணு ஆட்டம் பார்ப்போம். இல்லேன்னா கடைசி வாரத்துக்கு இது வேணாம்” என்றார்.

அக்கா பாட்டுத் தாளை எடுத்து ஒரு முறை பார்த்தாள். அப்புறம், “மூணாவது சரணத்தை எடுத்துடறேன் சார். அதுதான் இழுக்குது” என்றாள்.

அவர் போனதும் கத்தினேன். மூன்றாவது சரணம் அம்மா. வேறு யாருக்கும் தெரியாது, எங்கள் இரண்டு பேருக்குத் தெரியும். அம்மா பெருக்கித் துடைத்த அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. வேலைக்காரர்கள் ஏறக்கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம், நான் அக்கா மடியில். அம்மா வாளியோடு ஒவ்வொரு மாடியாக இறங்கி வருவாள்.

*ஒன்பது மாடிப் படியும் துடைச்ச கை*
*ஒருநாளும் பொத்தானைத் தொட்டதில்ல.*

“அதை எடுத்தா அப்புறம் அந்தப் பாட்டுல என்னக்கா இருக்கு?”

“கேக்கறவங்களுக்குப் பிடிக்கல. நீதானே எழுதியிருக்க.”

நான்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 19, வெள்ளி

கண்ணாடிக் கடைக்காரிக்குக் கண்வலி! இரண்டு கண்ணும் சிவந்து ஒட்டிக்கொள்கிறது. விளக்கைப் பார்க்கவே முடியவில்லை. கடையிலிருந்தும் துரத்திவிட்டார்கள். ஆட்டத்துக்கு டிக்கெட் கொடுக்கிற அண்ணன் விளக்கைப் பார்த்துக்கொள்கிறார். எந்த விளக்கு எப்போது என்று எழுதிய குறிப்புத் தாளை அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். அவருக்கு விளக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது, என்ன ஆகப்போகிறதோ.

பிறகு: அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள். “தட்டினாங்கடி! ஹாலே தட்டிச்சு! நான் இருட்டுல நின்னுக்கிட்டே இருக்கேன், நிறுத்தவே இல்ல!” கண்வலி ஒட்டிக்கொள்ளும் என்று தள்ளத் தள்ளக் கட்டிக்கொண்டாள்.

“அந்தச் சரணம்தான் கெடுத்துக்கிட்டு இருந்திருக்கு பாரேன்” என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷமாக இருக்க வேண்டும்.

ஜூன் 20, சனி

இன்றும் அண்ணன்தான். இன்றும் கைதட்டல். அக்கா அடுக்களையில் ஏதோ முணுமுணுத்தாள், இரண்டு சரணத்தோடு நிறுத்தினாள்.

ஜூன் 21, ஞாயிறு

கண் தெளிந்துவிட்டது. நான் போனேன்.

ஒருத்தரும் தட்டவில்லை.

அதே பாட்டு, அதே இரண்டு சரணம். இதுவரை நான் கேட்டதிலேயே நன்றாகப் பாடினாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விசைமேல் கை வைத்துக் காத்திருந்தேன், காத்திருந்தேன் — ஒன்றுமில்லை.

வீடு வரை அக்கா இரண்டடி முன்னாலேயே நடந்தாள். வாசலில் பூட்டைத் திறந்துகொண்டே, “நீ வந்தாலே எனக்கு வரமாட்டேங்குது போல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 22, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து ஓடிப்போய் டிக்கெட் அண்ணனை ஹால் வாசலில் பிடித்தேன்.

“அக்கா பாட்டுக்கு விளக்கை எப்ப அணைச்சீங்க?”

“பாட்டு முடிஞ்சதும். தாள்ல அப்படித்தானே இருக்கு?” என்றார். ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் பயந்துவிட்டார் மனுஷன். “அடுத்து ஹால் விளக்கு எந்த விசைன்னு தேடறதுக்குள்ள தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. சரி தட்டட்டும்னு விட்டுட்டேன்.”

“தட்டி முடியற வரைக்கும் நீங்க காத்திருக்கலையா?”

“அணைச்சாத்தானேம்மா தட்டுவாங்க? அதுவரைக்கும் பாட்டு முடிஞ்சிடுச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒத்திகையில் தட்ட ஆள் இல்லை, அதனால் உடனே அணைத்தேன். ஆட்டத்தில் ஆள் இருக்கிறது, தட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். விளக்கு அணைவதற்காக அவர்கள் காத்திருந்தார்கள். வாசலில் ‘நீங்க போங்க’, ‘இல்ல நீங்க போங்க’ என்று இரண்டு பேர் நிற்பார்களே, அது மாதிரி. நடுவில் என் அக்கா நின்றாள். மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. கண் திறந்திருந்தவள் நான் ஒருத்தி. நானோ இருமலை எண்ணிக்கொண்டிருந்தேன்!

ஏழு ஆட்டம். ஏழு ஆட்டம் என் அக்காவை நிற்க வைத்தேன்.

ஜூன் 23, செவ்வாய்

சொல்ல வேண்டுமா? வெள்ளிக்கிழமை கமுக்கமாக நேரத்துக்கு அணைத்துவிட்டால் போதும். தட்டுவார்கள். பாட்டு தப்பித்துவிடும். அக்கா சந்தோஷப்படுவாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. அண்ணன் வெள்ளந்தி, அவருக்கு இன்னமும் விளங்கவில்லை.

ஆனால் மூன்றாவது சரணம் போனது போனதுதான். அம்மாவைப் பாடியதால் கெட்டது என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள்.

சொன்னால் என் மூஞ்சியில் முழிப்பாளா?

ஒரு லென்ஸை இன்று தலைகீழாக மாட்டி அனுப்பிவிட்டேன். போன வேகத்தில் திரும்பி வந்தது.

ஜூன் 24, புதன்

சொல்லிவிட்டேன்.

டீ வந்தது. “ஞாயித்துக்கிழமைக்கு என்ன எழுதியிருக்க, படி. அதை வெச்சு முடிவு பண்ணிடலாம்” என்றார் கத்திரி. நோட்டை மூடி வைத்தேன். அக்கா முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னேன். தாளில் என்ன போட்டிருந்தது, நான் என்ன செய்தேன், எத்தனை எண்ணினேன், எல்லாம்.

கத்திரி சிரித்தார். முதலில் பெரிதாகத்தான் சிரித்தார். அக்காவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அக்கா எழுந்தாள். “நான் என் தொண்டையைக் குத்தம் சொன்னேன். அது போகட்டும்” என்றாள். “அம்மாவைக் குத்தம் சொல்லிட்டேனேடி. அம்மாவாலதான் யாருக்கும் பிடிக்கலேன்னு நானே எடுத்துப் போட்டேனே.”

போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

கத்திரி நோட்டை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். “இனிமே விளக்கை அவரே பாக்கட்டும். நீ டிக்கெட் கொடு” என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்ல.

ஜூன் 25, வியாழன்

அக்கா பேசவில்லை. எனக்கும் சேர்த்துச் சமைத்து மூடி வைத்திருக்கிறாள். பேசாமல் சமைப்பதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஜூன் 26, வெள்ளி

டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். மூடிய கதவு வழியாகப் பாட்டு மங்கலாகக் கேட்டது. இரண்டு சரணத்தோடு நின்றுவிட்டது. பிறகு கைதட்டல், நீளமாக.

இடைவேளையில் கத்திரி வெளியே வந்தார். “மூணாவதைப் பாடுன்னு நானே சொல்லிட்டேன். எதை நம்பறதுன்னு தெரியல சார்ங்கறா” என்றார். என் மேல் கோபம் போய்விட்டது அவருக்கு. அவருடைய கோபத்துக்கு நான் பயப்படவில்லை.

ஜூன் 27, சனி

இன்றும் இரண்டுதான்.

ஜூன் 28, ஞாயிறு

கடைசி ஆட்டம். அறுபத்தொன்பது டிக்கெட் போனது. ஒரு நாற்காலி காலி. கத்திரி வந்து, “ஜன்னலைச் சாத்திட்டு உள்ள போய் உக்காரு” என்றார். மாட்டேன் என்றேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டார். ஆறாவது வரிசை, ஓரம். பக்கத்தில் ஒரு நடுத்தர வயது அம்மாள், கண்ணாடிக் காம்பு காதை அழுத்துகிறது, நுனியைக் கொஞ்சம் நிமிர்த்திவிட வேண்டும். அவருக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டுக்காரர்.

இந்த நாடகத்தை முன்னால் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. மேலே இருந்து பார்க்கும்போது ஜனங்கள்தான் தெரிவார்கள். இங்கே இருந்து அக்கா தெரிந்தாள்.

அந்தப் பாட்டு வந்தது. முதல் சரணம். இரண்டாவது. எல்லாரும் தூங்குகிறார்கள். அவள் கதவில் தலை சாய்த்தாள். முடிந்தது என்று நினைத்தேன். அவள் தலையை எடுத்தாள். மூச்சு இழுத்தாள். அது எனக்குக் கேட்டது.

மூன்றாவது சரணம் பாடினாள். பழைய சுருதியில், பழைய நிதானத்தில். வாளி வைக்கிற இடத்தில் ஒரு நிறுத்தம் உண்டு, அதையும் விடவில்லை. எனக்கு அந்தப் படிக்கட்டின் ஈர நாற்றம் வந்தது. அம்மா இறங்கி வருகிற சத்தம். கேட்டேனோ, அழுதேனோ, என்ன செய்தேன் என்று தெரியாது.

சட்டென்று இருட்டு.

ஹால் தட்டியது. என்னைச் சுற்றி எல்லாரும் தட்டினார்கள், சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். என் கை இரண்டும் மடியில் கிடந்தன. தூக்க வரவில்லை.

விளக்கு வந்ததும் அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். “ஏம்மா, நல்லாத்தானே பாடினாங்க? ஒரு தட்டு தட்டினா என்ன?” என்றார். அவர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கட்டும் என்றே, “சில பேருக்கு எதுவுமே பிடிக்காது” என்றார்.

ஆட்டம் முடிந்து ஒப்பனை அறைக்குப் போனேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். எனக்கு வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னேன், அவர் குரலிலேயே.

துடைக்கிற கை நின்றது. சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“என் பாட்டுக்குத் தட்டாத ஒரே ஆளு நீதானா?”

“ஆமாக்கா.”

“வா, வீட்டுக்குப் போலாம்” என்றாள்.