அப்பா இழுக்காத ஹேண்ட்பிரேக்

அன்பு மகள் நாம்வானுக்கு,

பாங்காக் பட்டறையிலிருந்து அம்மா எழுதுவது. எழுதுவது என்றால், நான் சொல்லச் சொல்ல உன் தங்கை தேங்மோ எழுதுகிறாள், ஏனென்றால் என் இரண்டு கையும் இப்போது ஒரு பிக்கப் வண்டியின் பின்சக்கரத்துக்குள் இருக்கின்றன, வாய் மட்டும்தான் சும்மா இருக்கிறது. (அது என்றைக்குச் சும்மா இருந்தது அக்கா? அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். அம்மாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே. – தேங்மோ) இங்கே நானும் அப்பாவும் இவளும் பட்டறைப் பூனையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், கூரை மட்டும் பழைய இடத்திலேயே ஒழுகுகிறது. அங்கே மே ஹாங் சோன் மலையில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் குளிர் ஒட்டாமல், இருமல் இல்லாமல், மூன்று வேளையும் சூடாகச் சாப்பிட்டு இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் கும்பிடுகிறேன். உன் பள்ளியில் கொடிமரத்தடியில் நின்றால்தான் போன் எடுக்கும், அங்கேயும் பாதிப் பேச்சைக் காற்று தின்றுவிடுகிறது, மீதிப் பாதியில் நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்கிறோம். அதனால்தான் கடிதம். படித்துவிட்டு எறியாதே, காரில் டாஷ்போர்டுப் பெட்டியில் வை.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல எனக்கு மனசு வராது. போன வாரம் நீ அழுதுகொண்டே போன் செய்தாய், பள்ளிச் சரிவில் நியூட்ரலில் நிறுத்தியிருந்த கார், பிள்ளைகள் சும்மா சாய்ந்ததுமே உருண்டுபோய்ப் பெரிய தண்ணீர்ச் சாடியை உடைத்துவிட்டது என்று. அப்போது நான் என்ன கேட்டேன்? அடிபட்டதா என்று ஒரு தடவைதான் கேட்டேன், ஹேண்ட்பிரேக்கை இழுத்தாயா என்று ஆறு தடவை கேட்டேன். நீ "தோள் வலிக்கிற அளவுக்கு இழுத்தேன்மா" என்றாய். நான், "பொய் சொல்லாதடி, இழுத்திருந்தா எப்படி உருளும், நான் இருபது வருஷமா பிரேக்கோடதான் குடித்தனம் பண்றேன்" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை, உன் குறுஞ்செய்தியைத்தான் பார்த்தேன். உன்னோடு வேலை பார்க்கிற விட் வாத்தியார், பின்னால் டிரம் பிரேக் இருக்கிற கார் எல்லாம் பழைய இரும்புக்குத்தான் லாயக்கு, நாலு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள புதுக் காராக வாங்கு என்று சொல்கிறாராம். வரும் வெள்ளிக்கிழமை நாலு பிள்ளைகளைக் காலால் பந்து தட்டுகிற தக்ரா போட்டிக்கு நகரத்துக்கு நீதான் கூட்டிப்போக வேண்டுமாம், கார் சரியாக இருக்கிறது என்று தெரியாமல் பிள்ளைகளை ஏற்ற விடமாட்டேன் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டாராம், அந்தப் பிள்ளைகள் ஒரு வருஷமாகப் பழகியிருக்கிறார்களாம். எல்லாம் படித்தேன். பதில் போடாமல் இருந்தது கோபத்தால் இல்லை, பயத்தால். இப்போது சொல்கிறேன், நீ இழுத்தாய். அம்மா சொன்னதுதான் தப்பு.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். எல்லாம் இந்தப் பெண் செய்த கூத்தில் தெரிந்தது. துணிச் சந்தையில் அப்பா கார் நிறுத்துகிற மூன்றாம் தளம் உனக்குத் தெரியுமே, நிறுத்தின வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை குறுக்கே நிற்கும், நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் போடாமல், சக்கரத்தை நேராக வைத்துவிட்டுப் போக வேண்டும், உள்ளே இருப்பவன் வெளியே வரும்போது தள்ளிவிட்டுப் போவான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன இவள், சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு, அப்பா காரைத் தள்ளித் தள்ளி அந்தக் கோடியில் தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். (இருபத்திமூன்று காரையும் சேர்த்துத் தள்ளினோம் அக்கா, நடுவில் வழி வேண்டுமே. என் வாழ்க்கையில் இவ்வளவு உழைத்ததில்லை.) அப்பா கார் திருட்டுப்போய்விட்டது என்று மூன்று தளமும் ஓடி, காவல்காரரிடம் அழாத குறையாகச் சொல்லி, கடைசியில் தூணுக்குப் பின்னால் இவள் திருட்டுப் பால் குடித்த பூனை மாதிரி நிற்பதைப் பார்த்திருக்கிறார். நேராகப் பட்டறைக்கு இழுத்துவந்து, "உன் பொண்ணு பண்ணின வேலையைப் பாரு" என்றார். இவள் உடனே, "அப்பா, ரெண்டு பொண்ணுங்க ஒத்தக் கையில தள்ளினா போற கார், அது கார் இல்ல, குழந்தைத் தள்ளுவண்டி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அப்பாவிடம் ஹேண்ட்பிரேக்கை இழுங்கள் என்றேன். இழுத்தார். அது வந்தது வந்தது வந்துகொண்டே இருந்தது, அவர் முழங்கை பின்சீட்டைத் தொடுகிற வரைக்கும் வந்தது. பிறகு தேங்மோவைத் தள்ளச் சொன்னேன். இடுப்பால் ஒரு இடி இடித்தாள், கார் போய்விட்டது. அப்பா கொஞ்சமும் கலங்காமல், "இதுக்கென்ன, நாம்வானுக்குக் குடுத்த பழைய காரிலயும் இப்படித்தான் வரும், எல்லாக் காரும் இப்படித்தான்னு நெனச்சேன்" என்றார். என் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன், கையில் இருந்தால் நல்லதில்லை. உனக்குக் கொடுக்கும் முன் ஒன்பது வருஷம் அந்தப் பழைய காரை ஓட்டியிருக்கிறார், ஒன்பது வருஷமும் சந்தையிலேயே நிறுத்தியிருக்கிறார், ஒரு நாள்கூட அதை இழுத்ததில்லை. (அப்பா அதைப் பிடிக்கவே இல்லை, அதனால்தான் அதுவும் பிடிக்கவில்லை.) நானும் வருஷா வருஷம் டிரம்மைத் திறந்து லைனிங் தடிமனாக இருக்கிறது என்று பார்த்துச் சந்தோஷமாக மூடியிருக்கிறேன், அந்த ஹேண்ட்பிரேக் கம்பியை ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை. ஊரில் உள்ளவர் கார் எல்லாம் என்னிடம் வருகிறது, என் வீட்டுக் காரை இப்படி அனுப்பியிருக்கிறேன். சரிவில் நியூட்ரலில் விட்டது உன் தப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் அந்தப் பழக்கமும் அப்பா கற்றுக்கொடுத்ததுதான். இங்கே மரியாதை, அங்கே ஆபத்து.

இப்போது விட் வாத்தியார் விஷயம். அவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் பிரேக் அவருக்குப் பாடம் இல்லை. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற தட்டையான இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் இரண்டு பேடு இடுக்கிப் பிடிக்கிறது, நீ சுடச்சுட ரொட்டியை விரலால் இடுக்கி எடுப்பாயே அந்த மாதிரி. வெளியே திறந்து இருப்பதால் சூடு சீக்கிரம் ஆறும், மழைத் தண்ணீரும் தெறித்துப் போய்விடும். டிரம் என்பது கவிழ்த்த சட்டி, சக்கரத்தோடு சுற்றும், அதன் உள்ளே பிறை மாதிரி இரண்டு ஷூ உட்கார்ந்திருக்கும், நீ மிதித்தால் பிரேக் ஆயில் அவற்றை வெளிப்பக்கம் விரித்துச் சட்டியின் உட்சுவரில் அழுத்தும், விட்டால் ஸ்பிரிங் உள்ளே இழுத்துக்கொள்ளும். சுற்றுகிற சட்டி தன் பங்குக்கு ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கும், அதனால் கொஞ்ச பலத்திலேயே நன்றாகப் பிடிக்கும். (தானே வந்து கையைப் பிடிக்கிற மாப்பிள்ளை மாதிரி. உனக்கு இன்னும் அமையவில்லை.) மூடியிருப்பதால் சூடு உள்ளேயே தங்கும், அதுதான் அதன் குறை. ஆனால் பிரேக் போட்டால் காரின் கனம் எல்லாம் முன்னால் சாய்கிறது, பெரும்பாடு முன்சக்கரம்தான் படுகிறது, உன் காரில் முன்னால் டிஸ்க் இருக்கிறது. பின்னால் லேசாக இருக்கிற சின்னக் காருக்கு டிரம் தாராளமாகப் போதும், நிறுத்தி வைப்பதற்கு அதுவே எளிமையும்கூட, கம்பியை இழுத்தால் ஷூ விரிந்து நிற்கும். பின்னாலும் டிஸ்க் உள்ள கார்களில் நிறுத்திவைக்க அதற்குள்ளேயே வேறொரு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது, சிலவற்றில் டிஸ்க்கின் நடுவே குட்டி டிரம் ஒன்றையே வைக்கிறார்கள். இதை விட் வாத்தியாரிடம் மெதுவாகச் சொல், முகம் சுருங்காதபடி.

உன் காரில் நடந்தது என்னவென்றால், ஷூவின் மேல் ஒட்டியிருக்கிற லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் சட்டிக்கும் நடுவே இடைவெளி கூடும், அதைக் குறைக்க உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது, உன் கார் மாதிரியில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து விடும்போதுதான் அது ஒரு பல் நகரும். இழுக்கவே இல்லை என்றால் அது நகராது, துருப்பிடித்து அப்படியே உறங்கிவிடும், கம்பியும் உறைக்குள் துருவேறி, இழுத்த பலம் ஒரு பக்கச் சக்கரத்துக்குப் போகவே போகாது. நீ தோள் வலிக்க இழுத்தாய், அங்கே ஒரு சக்கரம் மட்டும் பாதி மனசோடு பிடித்தது, பிள்ளைகள் சாய்ந்ததும் விட்டுவிட்டது. இந்தக் கடிதத்தோடு வருகிற பெட்டியில் புது ஷூ இரண்டு ஜோடி, ஸ்பிரிங், அந்தப் பல்சக்கர அட்ஜஸ்டர், இரண்டு கம்பி எல்லாம் வைத்திருக்கிறேன், உனக்குப் பிடித்த மிளகாய்த் துவையலும் வறுத்த பன்றி இறைச்சிப் பொடியும் அடியில் இருக்கின்றன. (இறைச்சிப் பொடியையும் பிரேக் ஷூவையும் மாற்றிப் போட்டுவிடாதே, இரண்டும் ஒரே நிறம்.) உங்கள் ஊர்க் கடைத்தெரு மெக்கானிக் சாயியிடம் பேசிவிட்டேன், வியாழக்கிழமை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கே வருவார், அதுவரை காரை நகர்த்தாதே, நாலு சக்கரத்துக்கும் கல் வை. அவர் மாட்டி முடித்ததும் நீயே உட்கார்ந்து இழு, ஏழெட்டு டக் டக்கில் நிற்க வேண்டும், அதற்கு மேல் வந்தால் அவரை அனுப்பாதே, சோறு போட்டு உட்காரவை. பிறகு பள்ளிச் சரிவில் ஏற்றி நிறுத்தி நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் போட்டுத் தலைமை ஆசிரியரையே பின்னாலிருந்து தள்ளச் சொல். (அதைப் படம் எடுத்து அனுப்பு.) நகராவிட்டால் பிள்ளைகளை ஏற்று. இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே போகாதே, அந்த மலையில் வளைவுக்குப் பஞ்சம் இல்லை, சூடேறிவிடும், லோ கியரில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும், அவ்வப்போது மிதித்து மிதித்து விடு. நிறுத்தும்போது முதலில் மிதி, பிறகு ஹேண்ட்பிரேக்கை இழு, அப்புறம் கியரைப் பார்க்கில் போடு. இந்த வரிசை மாறக் கூடாது. தினமும் இழு, சமவெளியில் நின்றாலும் இழு.

இவ்வளவு சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா சந்தையிலிருந்து வேர்க்க வேர்க்க வந்துவிட்டார், மத்தியானச் சாப்பாட்டுக்கு இவ்வளவு சீக்கிரம் வருகிறவர் இல்லை. நேற்று நான் அவர் காரின் பின்சக்கரத்தைப் பிரித்து எல்லாம் புதிதாக மாட்டிக் கொடுத்தேன். இன்று காலையில் சந்தை மூன்றாம் தளத்தில், குறுக்கு வரிசையில், ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாராம். உள்ளே ஐந்து கார் மாட்டிக்கொண்டதாம், ஒருவர் கல்யாணத்துக்குப் போக வேண்டியவராம், ஒலிபெருக்கியில் இவர் கார் எண்ணை நாலு தடவை கூப்பிட்டார்களாம். ஓடிப்போனால் எல்லோரும் சுற்றி நின்று திட்டுகிறார்கள். வருஷக்கணக்காக இவரைத் தெரிந்த அந்தக் காவல்காரர், "என்னண்ணே, ஊருக்குப் புதுசா? இங்க ஹேண்ட்பிரேக் போடக் கூடாதுன்னு தெரியாதா?" என்று கேட்டாராம். அப்பா கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, "எம் பொண்ணு மலையில இருக்கா" என்று மட்டும் சொன்னாராம். காவல்காரருக்கு ஒன்றும் புரியவில்லையாம், ஆனால் திட்டுவதை நிறுத்திவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டு அப்பா தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார், இரண்டு தம்ளர் குடித்தும் இன்னும் திரும்பவில்லை. (சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் அக்கா. நான் ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை. முதல் தடவையாக.)

புத்தர் உன்னையும் அந்த நாலு பிள்ளைகளையும் போகவர ஒவ்வொரு வளைவிலும் காக்கட்டும், ஜெயித்தாலும் தோற்றாலும் மெதுவாகவே திரும்பி வாருங்கள். சாயி கழற்றுகிற பழைய கம்பிகளைத் தூக்கிப் போடச் சொல்லாதே, இதே பெட்டியில் வைத்து எனக்கு அனுப்பு, பட்டறையில் என் கண் படுகிற இடத்தில் மாட்ட வேண்டும், அப்பாவுக்காக இல்லை, எனக்காக. வெள்ளிக்கிழமை நகரத்தில் போய் இறங்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்த பிறகு, போன் செய். இந்தத் தடவை அடிபட்டதா, சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்பேன்.

எப்போதும் உன்,
அம்மா
(கையெழுத்துக்குப் பதில் இந்தக் கிரீஸ் கட்டைவிரல். எழுதியது தேங்மோ. கண்ணீர் மாதிரி இருக்கிற அந்தப் புள்ளி கூரை ஒழுகினது.)