ஆறாவது தம்ளர்

ஜூன் 4

கடைக்கு ஒரு பெட்டி பழைய கண்ணாடிச் சாமான் வந்தது. எதிலும் செய்தவர் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் காகிதச் சீட்டுதான் ஒட்டுவார்களாம். இரண்டு முறை கழுவினால் போய்விடும். “இதுங்களுக்கு ஊர் பேர் கண்டுபிடிக்கிறதுதான் நம்ம பொழப்பு” என்றார் முதலாளி. நான் கழுவித் துடைத்தேன். ஆள் வந்தால் அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறேன். அவர் என்னை ‘வாயில்லாப்பூச்சி’ என்கிறார்.

ஜூன் 7

அக்கா வந்திருக்கிறாள். மாதக் கடைசியில் அத்தானோடு வெளிநாட்டுக்குப் போகிறாள். அப்பா அம்மாவின் அலமாரியைத் திறந்து, “வேணுங்கிறத எடுத்துக்கம்மா” என்றார். பச்சைக் கண்ணாடித் தம்ளர்களைக் கேட்டாள். ஆறையும்.

அதில் ஒன்றில்தான் அம்மா தண்ணீர் குடிப்பாள். படுக்கையில் விழுந்த பிறகும் அதில்தான். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடவே இருந்தபோது, மாத்திரைக்குத் தண்ணீர் அதில்தான் ஊற்றிக் கொடுத்தேன். அவள் போன மறுநாள் அப்பா அதைக் கழுவி மற்ற ஐந்தோடு சேர்த்து வைத்துவிட்டார். இப்போது எது என்று தெரியவில்லை. ஆறும் ஒரே மாதிரி.

ஜூன் 8

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கேட்டால் என்ன, கடித்தா விடுவாள்?

கேட்கவில்லை.

ஜூன் 9

கேட்டுவிட்டேன். “செட்டைப் பிரிச்சா என்னடி அழகு? அஞ்ச வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?” என்றாள். நான் “ஆமாக்கா” என்றேன். ஏன் ஆமா சொன்னேன்? எனக்கென்று ஒரு வாய் எதற்கு?

ஜூன் 12

“உங்க கடையில நல்லா சுத்தித் தருவாங்கல்ல, கொண்டுபோய் பேக் பண்ணிட்டு வா” என்று அக்காவே கொடுத்தாள். துண்டில் பொதிந்து கொண்டுபோனேன். சுற்றுவதற்கு முன்னால் முதலாளியிடம் காட்டினேன்.

அவர் எல்லாவற்றையும் கவிழ்த்து அடியைப் பார்த்தார். மேசையில் வைத்து வைத்து எடுத்தால் அடியில் கீறல் விழும், தாறுமாறாக. பழசு போலக் காட்ட ஏமாற்றுக்காரர்கள் உப்புத்தாளால் தேய்த்தால் கோடெல்லாம் ஒரே பக்கமாக ஓடுமாம். ஐந்தின் அடியில் கீறலே அவ்வளவாக இல்லை. ஒன்றில் மட்டும் அடி முழுக்க வெளுத்திருந்தது, தாறுமாறாக. “இதுதான் இருக்கிறதுலயே மூத்தது” என்றார்.

பிறகு உள்ளறையின் கதவைச் சாத்தி ஊதா விளக்கைப் போட்டார். அந்தக் காலத்துப் பச்சைக் கண்ணாடி சிலது அதில் ஒளிருமாம். ஐந்தும் குப்பென்று பச்சையாக ஒளிர்ந்தன. அந்த ‘மூத்தது’ மட்டும் இருட்டாகவே நின்றது. விரலால் தடவினார். மற்றவற்றில் வார்த்த அச்சின் கோடு மூன்று. இதில் இரண்டு. அவருடைய படப்புத்தகத்தில் அந்த ஐந்தும் இருந்தன: எப்போதோ மூடிப்போன ஒரு தொழிற்சாலை, அம்மா பிறப்பதற்கும் முந்தியது. இது அதைப் பார்த்துச் செய்த சந்தைச் சரக்கு. இருபது வயதுகூட இருக்காதாம்.

“எனக்கே காது குத்தப் பாத்துச்சே!” என்று சிரித்தார். “இருக்கிறதுலயே இளசு இது. யாரு இதைப் போட்டு இந்தத் தேய் தேய்ச்சாங்க?”

யார் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 13

முதலாளியின் விளக்கை இரவல் வாங்கி வந்தேன். அக்காவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். “என்னடி, பேய் காட்டப் போறியா?” என்றாள். காட்டினேன். இது செட்டே இல்லை, தனி, எடுத்துவிட்டால் எதுவும் பிரியாது என்றேன். இதன் அடியைப் பார், இதுதான் அம்மாவுடையது, தினமும் வைத்து எடுத்தது என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு பேசியதில்லை.

“அதனால—” என்று ஆரம்பித்தேன்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் அவள் ஒன்றை உடைத்தாளாம். “அப்பாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்னு அழுதேன்டி. மறுநாள் பாத்தா ஆறும் இருக்கு. நான்தான் கனவு கண்டேன்னு இத்தன வருஷம் நெனச்சிட்டிருந்தேன். அம்மா ஒரு வார்த்த சொல்லல...” அந்தத் தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டாள்.

“செட்ட நீயே வச்சிக்க. எனக்கு இது ஒண்ணு போதும்.”

நான் “சரிக்கா” என்றேன்.

ஜூன் 14

நான் காட்டாமலே இருந்திருந்தால், போவது எது என்று தெரியாமலாவது இருந்திருக்கும்.

ஜூன் 29

அக்கா போய்விட்டாள். மற்ற சாமானைப் பெட்டியில் போட்டாள். அதை மட்டும் கைப்பையில், அவளுடைய புடவைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள். சுற்றிக் கொடுத்தது நான். முதலாளி, “அஞ்சும் அருமையான சரக்கு, யோகக்காரி நீ!” என்றார்.

ஜூலை 20

ஐந்தையும் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். இன்று ஒன்றை எடுத்து வெளியில் வைத்தேன். அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன். “விருந்தாளிக்கு வச்சது ஆச்சேம்மா” என்றார் அப்பா. பிறகு அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

இரண்டையும் கழுவியபோது கவிழ்த்துப் பார்த்தேன். இன்னும் புதுக் கீறல் ஒன்றும் விழவில்லை.