பதினாலு வகை கேக்கும் ஒரே ஒரு இரைப்பையும்

ஓடென்ஸே
14 ஜனவரி 2019

அன்பு அஸ்முஸ் மாமாவுக்கு,

நலம்தானே? போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள். போனில் நீங்கள் பேசத் தொடங்கினால் எனக்கு ‘உம்’ கொட்டுகிற வேலைதான் மிஞ்சும். காகிதத்தில் என்றால் கேட்ட கேள்வி கேட்டபடியே இருக்கும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு எனக்கு ஆஸ்பத்திரியில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. இப்போது 134 கிலோ. சர்க்கரை இருக்கிறது. முட்டி இரண்டும் போச்சு. பஸ் ஓட்டும்போது ஸ்டியரிங் வயிற்றில் உரசுகிறது. போன வருடம் உரசவில்லை.

இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, ஒன்பது வருடம் முன்பு நீங்கள் எல்லை தாண்டிப் போய் ஜெர்மனியில் செய்துகொண்ட ஸ்லீவ். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது. இன்னொன்று வயிற்று பைபாஸ். மேலே முட்டை அளவுக்கு ஒரு பை செய்து அதை நேராகக் குடலோடு இணைப்பது. பைபாஸ் என்றால் முட்டிக்கு நான் போடும் வலி மாத்திரையை ஆயுசுக்கும் தொடக்கூடாது, உள்ளே புண் வரும். அது இல்லாமல் எட்டு மணி நேரம் பிரேக் மிதிக்க என்னால் முடியாது. ஸ்லீவ் என்றால், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது இன்னும் மோசமாகலாம். எனக்கு தினமும் எரிகிறது, தினமும் மாத்திரை விழுங்குகிறேன். டாக்டரம்மா கேட்டபோது மட்டும் “எப்பவாவது” என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் எட்டாம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது, மாமா. எனக்கு வயது நாற்பத்தொன்று.

அக்டோபரில் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் காபி விருந்தில் உங்களுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். மெத்தென்று ஏழு, மொறுமொறுவென்று ஏழு, பதினாலு கேக்கும் உங்கள் தட்டுக்கு வந்து காலியானதைப் பார்த்தேன். அதனால் உங்களிடம் மூன்றே கேள்வி. வாந்தி வருமா? நெஞ்சு எரியுமா? செய்துகொண்டதற்கு வருத்தப்பட்டதுண்டா?

உங்கள் மருமகள்,
மெரெட்டே


டோண்டர்
19 ஜனவரி

என் அருமை மருமகளே,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது தபால்காரி கேட்கிறாள்: “என்ன அஸ்முஸ், இந்த வயசுலயும் பொம்பளைங்க லெட்டர் போடறாங்களா?” “வாரத்துக்குப் பத்து வருது, நீ பாதியத்தான் கொண்டு வர்ற” என்றேன். சைக்கிளை வேகமாக மிதித்தாள்.

ஆபரேஷன் பற்றிச் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். என் ஆபரேஷனைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஏழு நாட்டு டாக்டர்கள் பார்த்தார்கள். தலைமை டாக்டர் என் இரைப்பையைப் பார்த்ததும், “இவ்வளவு உறுதியான சரக்கை வெட்ட மனசு வரலையே” என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். மயக்கத்தில் இருந்த நான்தான் “வெட்டுங்க டாக்டர், நான் இருக்கேன்” என்று தைரியம் சொன்னேன். மூன்றாம் நாள் கட்டிலை விட்டு இறங்கி, நர்ஸோடு வராந்தாவில் ஒரு சுற்று நடனம்கூட ஆடினேன்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனால் நாற்பத்தோரு வருடம் டிராக்டர்களின் வயிற்றைப் பிரித்து மாட்டியவன். பைபாஸ் என்பது இன்ஜினை அப்படியே விட்டுவிட்டு டீசல் குழாயை மட்டும் வேறு பக்கமாக இழுத்துக் கட்டுகிற வேலை. எங்கேயாவது ஒழுகும். ஸ்லீவ் சுத்தமான வேலை. வெட்டினோம், தைத்தோம், முடிந்தது.

மூன்று கேள்வி கேட்டாய். மூன்றுக்கும் ஒரே பதில்: உன் மாமனைப் பார்! அறுபத்து மூன்று வயதில் டோண்டர் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒருத்தன் கிடைப்பானா?

என்றும் உன்,
அஸ்முஸ் மாமா


ஓடென்ஸே
28 ஜனவரி

அன்பு மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்து டெப்போவில் தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், எந்தக் கேள்விக்கும், முக்கியமாக நெஞ்செரிச்சலுக்கு, பதிலே இல்லை என்று உறைத்தது.

விளையாட்டு வேண்டாம். மறுபடியும் ஆஸ்பத்திரி போய் வந்தேன். பைபாஸ் செய்தவர்கள் உயிருள்ளவரை வைட்டமின் சாப்பிட வேண்டும், ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக இனிப்புத் தின்றால் வேர்த்து, படபடத்து, படுக்கையில் விழ வேண்டியதுதான். எத்தனை வருடம் கழித்தும் குடல் முறுக்கிக்கொள்ளலாம். ஆனால் சர்க்கரைக்கும் எரிச்சலுக்கும் அதுதான் நல்லது என்கிறார்கள். ஸ்லீவில் வைட்டமின் தொல்லை குறைவு, முட்டி மாத்திரையையும் அளவோடு போடலாம். ஆனால் எடை திரும்ப ஏறலாம், எரிச்சல் தொண்டைவரை வரலாம். டாக்டரம்மாவிடம், “நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?” என்று கேட்டேன். “நான் பஸ் ஓட்டலையே” என்றார்.

மூன்று வாரமாக என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. போன திங்கள்கிழமை ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து ஒருவர் கத்தின பிறகுதான் தெரிந்தது.

இதோடு ஒரு சீட்டு இருக்கிறது. ‘நெஞ்செரிச்சல்: உண்டு, இல்லை.’ ஏதாவது ஒன்றில் டிக் போடுங்கள். உறையில் தபால்தலை ஒட்டி என் விலாசமும் எழுதியிருக்கிறேன். கதை வேண்டாம், டிக் போதும்.

மெரெட்டே


டோண்டர்
4 பிப்ரவரி

மருமகளே,

டிக் போட்டாயிற்று. ‘இல்லை’யில். சீட்டுக்கு வெளியே போகுமளவுக்குப் பெரிதாகவே போட்டிருக்கிறேன், சந்தேகப்படுகிறவர்களுக்காக.

நெஞ்செரிச்சல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. போன வாரம் ஹெர்ரிங் மீன் ஊறுகாயை ஒரு ஜாடி முழுக்கத் தின்றுவிட்டு, குழந்தை மாதிரி தூங்கினேன். பயப்படாதே.

அஸ்முஸ் மாமா


ஓடென்ஸே
18 பிப்ரவரி

அன்பு மாமா,

உங்கள் சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். மனம் தடுமாறும்போதெல்லாம் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். முடிவு செய்துவிட்டேன். ஸ்லீவ்தான்.

டாக்டரம்மாவுக்கு இதில் திருப்தி இல்லை. எரிச்சலைப் பற்றி மறுபடியும் கேட்டார். இந்த முறை “இல்லை” என்றே சொல்லிவிட்டேன். என் மாமா ஸ்லீவ் செய்து ஒன்பது வருடம் கழித்து ஒரே மத்தியானத்தில் பதினாலு வகை கேக் சாப்பிட்டார் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“பதினாலா?”

“எங்க ஊர் வழக்கம் டாக்டர். ஒண்ணை விட்டாலும் செஞ்சவங்க மனசு நோகும்.”

“அப்போ அவர் ஸ்லீவ் விரிஞ்சு போயிருக்கணும். இல்லன்னா அவர் சாப்பிடவே இல்ல.”

“நான் எதிர்ல உக்காந்து பாத்தேன்!” என்று கிட்டத்தட்ட சண்டையே போட்டுவிட்டேன். மார்ச் எட்டில் கையெழுத்து. நன்றி மாமா. உங்களை நம்பித்தான் இறங்குகிறேன்.

மெரெட்டே


டோண்டர்
22 பிப்ரவரி

மெரெட்டே,

இந்தக் கடிதத்தை நாற்பது முறை கிழித்துப் போட்டேன். சரி, நான்கு முறை.

கையெழுத்துப் போடாதே.

அன்றைக்கு நான் தின்றது மூன்று. அதில் இரண்டு, மண்டபத்துக்குப் பின்னால் விறகு அடுக்கின இடத்தில் திரும்ப வெளியே வந்துவிட்டது. மீதி பதினொன்றும் என் கோட்டுக்குள். உட்பக்கப் பையில் பிளாஸ்டிக் உறை வைத்துத் தைத்திருக்கிறேன், விருந்துக்கென்றே. காரில் விளக்கு எரிகிறதா பார்த்து வருகிறேன் என்று எழுந்து போவேனே, அது காரில் விட்டிருந்த என் நாய்க்குக் கொட்டிவிட்டு வரத்தான். உன் அம்மா, “அஸ்முஸ், என் கறுப்பு ரொட்டி கேக்கைத் தொடவே இல்லையா?” என்று கேட்டாள். “தொடலையா? இது ரெண்டாவது துண்டு!” என்றேன். மேசையே சிரித்தது. அக்காவின் முகம் மலர்ந்ததை நீயும் பார்த்தாய்தானே. எங்கே போனாலும் ‘அஸ்முஸ் வந்தா தட்டு மிஞ்சாது’ என்று பெயர் எடுத்தவன், இப்போது எப்படி நோயாளியாக உட்காருவேன்?

எரிச்சல் ஆபரேஷன் முடிந்த முதல் வருடமே வந்துவிட்டது. படுத்தால் புளித்துக்கொண்டு தொண்டைக்கு வருகிறது. ஆறு வருடமாக நாற்காலியில் சாய்ந்துதான் தூக்கம். ஹெர்ரிங் ஜாடியெல்லாம் கதை. குறைந்த எடையில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. போன வருடம் இங்கே டாக்டர் உணவுக்குழாயில் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று தேதி அனுப்பினார். நான் போகவில்லை.

நீ சீட்டு அனுப்பினபோது கை ‘உண்டு’ பக்கம்தான் போனது. அதற்குள், ஒன்பது வருடமாகச் சொன்னதெல்லாம் பொய்யென்று ஆகிவிடுமே என்று தோன்றிவிட்டது. உனக்கும் எரிகிறது என்று நீ எழுதியிருந்தாய். தெரிந்துதான் போட்டேன்.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு.

அஸ்முஸ்


ஓடென்ஸே
2 மார்ச்

மாமா,

உங்கள் கடிதத்தை டெப்போவில், பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். அன்றைய முதல் டிரிப் ஆறு நிமிடம் தாமதம். பதினேழு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

டாக்டரம்மாவுக்கு போன் செய்து, தினமும் எரிகிறது என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “இப்பவாவது சொன்னீங்களே” என்றார். கேமரா விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாய் ஏற்கெனவே சிவந்து கிடக்கிறதாம். பைபாஸ்தான். முட்டிக்குத் தடவுகிற மருந்தும் உடற்பயிற்சியும். எடை இறங்கினால் வலியும் இறங்கலாம், இறங்காமலும் போகலாம். வலி இறங்காவிட்டால் பஸ்ஸை விட்டு அலுவலக வேலைக்கு மாற வேண்டும். எனக்குப் பிடித்த முடிவு இல்லை. ஆனால் என் வயிற்றைப் பார்த்து எடுத்த முடிவு. தேதி மார்ச் 21.

நானும் டாக்டரிடம் பொய் சொன்னேன், மறுக்கவில்லை. ஆனால் நான் என் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டேன். நீங்கள் என் கழுத்தில் வைத்தீர்கள், டிக் போட்டு.

கேமராவுக்குப் போங்கள். போய்விட்டு வந்து, நடந்ததை நடந்தபடி, ஒட்டு வேலை இல்லாமல் ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள். அதுவரை வேறு எதுவும் எழுத வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டாம்.

மெரெட்டே


டோண்டர்
14 மார்ச்

மெரெட்டே,

செவ்வாய்க்கிழமை போனேன். காத்திருக்கும் அறையில் நாற்பது பேர். இல்லை, ஆறு பேர். நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் பயப்படவே இல்லை என்று எழுதினேன், அடித்துவிட்டேன், நீயே பார்க்கலாம். குழாய் தொண்டையில் இறங்கினபோது கண்ணில் தண்ணீர் வந்தது. குழாயால்தான் என்று நர்ஸ் சொன்னாள். குழாயால் மட்டும் இல்லை.

உணவுக்குழாயின் அடியில் தோல் நிறம் மாறியிருக்கிறதாம். மூன்று இடத்தில், இல்லை, நான்கு இடத்தில் கிள்ளி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். புற்றுநோயா என்று கேட்டேன். “பார்த்தா அப்படித் தெரியல, ஆனா முடிவு வரட்டும்” என்றார் டாக்டர். இரண்டு வாரம் ஆகும். எனக்கும் ஸ்லீவைப் பைபாஸாக மாற்ற வேண்டி வரலாமாம்.

உன் அம்மாவிடம் கேக் விஷயத்தைச் சொன்னேன். “பதினொண்ணும் நாய்க்கா?” என்றாள். ஆமாம் என்றேன். “அது எல்லாத்தையும் தின்னுச்சா?” என்று கேட்டாள். கறுப்பு ரொட்டி கேக்கை மட்டும் விட்டுவிட்டது என்ற உண்மையை அவளிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

இருபத்தொன்றாம் தேதி வர மாட்டேன். போன் பக்கத்தில் இருப்பேன்.

மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

அஸ்முஸ்


ஓடென்ஸே
18 மார்ச்

மாமா,

நாயைப் பற்றி அம்மாவிடம் வாயைத் திறக்காதீர்கள்.

வியாழக்கிழமை ஆபரேஷன். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீட்டுக்கு விடுகிறார்கள். கொஞ்ச நாளைக்கு நான் வண்டி ஓட்டக்கூடாது. காரை எடுத்துக்கொண்டு வாங்க. தின்ன எதுவும் கொண்டு வராதீங்க. வழியெல்லாம் நீங்க பேசலாம், ஆனால் மெதுவாக. தையல் போட்ட வயிறு, சிரித்தால் வலிக்கும்.

மெரெட்டே