கோதுமை இல்லாத கொத்து

இன்று மாலை வேலை முடிந்து யாழ்ப்பாணத்தில் உரும்பிராய் பஸ்ஸுக்காக நின்றேன். வீதிக்கு அந்தப் பக்கத்துக் கடையில் வெங்காயமும் கறிவேப்பிலையும் சூடான எண்ணெயில் விழுந்த மணம் வந்தது. அடுத்ததாக ரொட்டி வேகும் மணம். எனக்கு வாயூறியது, கூடவே உன் நினைவும் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மனிதர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். நான் தனியே சிரித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

திருநெல்வேலியில் ஒரே அறையில் தங்கிப் படித்த காலத்திலேயே நாம் இருவரும் கடைச் சாப்பாட்டுக்கு அடிமைகள். வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று எல்லாம் வந்த பிறகும் சனிக்கிழமை மத்தியானத்தை நீ எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. உன் ஸ்கூட்டியின் பின்னால் நான் ஏறிவிட்டால் சரி, எந்தக் கடை என்பதை வழியில் வரும் மணம் தீர்மானிக்கும்.

பிறகுதான் எனக்கு அந்த வருத்தம் வந்தது. மாதக்கணக்காக வயிற்றுக் குத்து, மெலிவு, உடம்பில் இரத்தம் காணாது என்ற பேச்சு. கடைசியில் டொக்டர் சொன்னார்: “கோதுமைக்குள்ளை இருக்கிற குளூட்டன் எண்ட சாமான் உங்கடை குடலுக்கு ஒத்துவராது. இனிச் சாகும்வரைக்கும் ஒரு துண்டு பாணோ ரொட்டியோ கூடாது.”

வீட்டில் சமாளிக்கலாம். சோறு இருக்கிறது, சிவத்தப் பச்சையரிசி மா இருக்கிறது. வெளியில்தான் கஷ்டம். எங்கள் ஊரில் தோசைக்குள்ளும் கோதுமை மா, புட்டுக்குள்ளும் கோதுமை மா, வடைக்குள்ளும் அதுதான். கல்யாண வீடுகளில் “கொஞ்சம் சாப்பிட்டால் ஒண்டும் செய்யாது” என்று இலையில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் போவதையே குறைத்துக்கொண்டேன்.

நீ விடவில்லை. முதலில் போன கடை நினைவிருக்கிறதா? பரிமாற வந்த பெரியவரிடம் கேட்டாய்.

“அண்ணை, கோதுமை மா படாத சாப்பாடு என்ன இருக்கு?”

“தங்கச்சிக்குச் சீனி வருத்தமோ? அப்ப எங்கடை ரொட்டி நல்லது. அது கோதுமை இல்லை, ஆட்டா மா.”

“ஆட்டா மா எந்த மரத்திலை காய்க்கிறது, அண்ணை?”

அவர் கொஞ்சமும் சிரிக்காமல், “அது கொழும்பிலை இருந்து வாறது” என்றார். நாம் பால் விடாத பிளேன் ரீயை மட்டும் குடித்துவிட்டு, வாசலுக்கு வந்து வயிறு நோகச் சிரித்தோம்.

அடுத்த கடையில் சிரிப்பு இருக்கவில்லை. இடியப்பம் முழுக்க அரிசி மாதான் என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். அன்று பின்னேரமே நான் படுக்கையில் விழுந்தேன். எழும்பப் பல நாளாயிற்று. பார்க்க வந்த உன்னிடம், “இனி என்னைக் கூப்பிடாதை. நான் வீட்டிலையே சாப்பிடுறன்” என்று சொல்லி அழுதேன். நீ தோடம்பழத்தை உரித்தபடி, “சரியடி, கூப்பிடேல்லை” என்றாய். மறுபேச்சில்லாமல் நீ ஒத்துக்கொண்டதுதான் எனக்கு அதிகம் நொந்தது.

அதற்குப் பிறகு சில சனிக்கிழமைகள் நீ வரவில்லை. நான் வீட்டில் தட்டை வைத்துக்கொண்டு வாசல் படலைப் பக்கம் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன். எங்கள் பழக்கம் இவ்வளவோடு முடிந்தது என்றே நினைத்தேன். ஒரு சனிக்கிழமை ஹோர்ன் சத்தம் கேட்டது.

“ஏறு.”

“எங்கை?”

“ஏறன் எண்டுறன்!”

கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. நீ மேசைக்குப் போகாமல் என்னை நேரே குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாய். அங்கே சுவரில், மற்றப் பாத்திரங்களுக்கு எட்டாத உயரத்தில், ஒரு புதுத் தாச்சிச் சட்டி தொங்கியது. பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது.

“உது உன்ரை” என்றாய். “உதிலை வேறை ஒண்டும் சமைக்கிறேல்லை. ரொட்டி கிட்டவும் வராது.”

கடைக்கார அக்கா தலையில் கை வைத்தா. “உங்கடை சிநேகிதி எங்களைப் படுத்தின பாடு! தாச்சி, அகப்பை, இடியப்ப உரல், எல்லாம் புதுசா வாங்கிக்கொண்டு வந்திட்டா. மாவும் தான்தான் இடிப்பிச்சுத் தருவாவாம். சோயா சோஸ் போத்திலைக் கண்டவுடனை பறிச்சுப்போட்டா, அதுக்குள்ளையும் கோதுமையாம்.”

நீ வராத சனிக்கிழமைகளில் எங்கே இருந்தாய் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அன்று எனக்கு இடியப்பக் கொத்து. முட்டை, லீக்ஸ், கோழிக் குழம்பு. கல்லில் ரொட்டியைத் தகடுகளால் கொத்தும் அந்தக் கடைச் சத்தம் தாச்சியில் கிளறினால் வராது அல்லவா? “சத்தம் இல்லாமல் என்னடி கொத்து?” என்று நீ இரண்டு சில்வர் கப்புகளை எடுத்து மேசையில் கொத்தத் தொடங்கினாய். பக்கத்து மேசைக்காரர் தானும் கரண்டியால் தாளம் போட்டார். “மேசையை உடைச்சுப் போடாதைங்கோ!” என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினா. உறைப்பிலும் சிரிப்பிலும் எனக்குக் கண்ணீர் ஓடியது. தட்டில் ஒரு லீக்ஸ் துண்டுகூட மிஞ்சவில்லை.

அடுத்த நாள் காலையில் நீ போன் எடுத்தாய். “உயிரோடை இருக்கிறியோ?”

“இருக்கிறன்.”

“அப்ப வாற சனி றால் போடச் சொல்லுறன்.”

அதற்குப் பிறகு நாம் எத்தனை கடைகளுக்குப் போனோம்! எல்லா இடத்திலும் நீ குசினி வாசலில் நின்று சத்தமாகக் கேட்பாய். நான் உன்னோடு வராதவள்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். “வெக்கப்பட்டால் பசிதானடி மிச்சம்” என்று ஏசுவாய்.

போன மாரியில் உனக்கு டெங்கு வந்தது. ஒரு கிழமைக்குள் நீ இல்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதமாட்டேன். ஆனால் உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். பந்தியில் இருந்த என்னிடம் உன் கணவர் ஒரு சின்னச் சட்டியோடு வந்தார். “இது பெருங்காயம் போடாத சாம்பார். பெருங்காயத்துக்குள்ளையும் கோதுமை மா கலக்கிறவையாம். அவ எப்பவும் சொல்லுறவ” என்றார். நான் அழுதுகொண்டே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

போன சனிக்கிழமை வீட்டுக்காரரோடும் பிள்ளைகளோடும் பட்டினத்தில் ஒரு புதுக் கடைக்குப் போனேன். நானே எழுந்து குசினி வாசலுக்குப் போய் எல்லாவற்றையும் கேட்டேன். எதெதற்குள் கோதுமை மா கலக்கிறீர்கள், பொரிக்கும் எண்ணெய் எது, குழம்புக்கு என்ன போடுகிறீர்கள் என்று ஒன்றும் விடவில்லை. சோறும் நண்டுக் கறியும் நம்பிச் சாப்பிடலாம் என்றார்கள். திரும்பியபோது, கூட வந்தவர்கள் சாப்பிட, வெறும் தேத்தண்ணியோடு இருந்த ஓர் இளம் பெண் பின்னால் வந்து நின்றாள்.

“அக்கா, குறை நினையாதைங்கோ. உங்களுக்கும் கோதுமை ஒத்துவராதோ?”

“ஓம். உமக்குமோ?”

“ஓம் அக்கா. இவையளுக்கு முன்னாலை எழும்பிக் கேக்க ஒருமாதிரிக் கிடந்துது.”

அவளுடைய கையைப் பிடித்துத் திரும்பவும் குசினி வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தமுறை அவளைக் கேட்கவைத்தேன். முதலில் குரல் வெளியே வரவில்லை. “இன்னும் சத்தமாக் கேளும்” என்றேன். கேட்டாள். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் சுவரைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.