டிலானியின் கைகளுக்குத் தீர்த்தம்

செப்டெம்பர் 14, சனி

நாளை டிலானி துபாய்க்குப் புறப்படுகிறாள். கூண்டுக்குள் இறங்கிச் சண்டையிடுவது என் மகளின் தொழில். இம்முறை வென்றால் பட்டம் அவளுக்கு.

மாலையில் அவளுடைய கையுறைகளை மந்திரித்து வாங்க மாதா கோயிலின் புதிய சுவாமியிடம் போனோம். எங்கள் கரையில் புது வலையோ படகு இயந்திரமோ தீர்த்தம் படாமல் கடலுக்கு இறங்குவதில்லை. இதுவும் தொழில் கருவிதான்.

"ஆளை அடிக்கிற சாமானை நான் எப்படியம்மா மந்திரிக்கிறது?" என்றார் சுவாமி.

"போன மாசம் சூசையின்ட வலையை மந்திரிச்சீங்க. மீனிட்டக் கேட்டா செஞ்சீங்க? இவளோட மோதுற பிள்ளை தானா கையெழுத்துப் போட்டுத்தானே வாறாள்."

டிலானி என் சேலையை இழுத்தாள். "விடுங்கம்மா. அங்க கையுறை அவங்களே தருவாங்க. இது பழகுறதுக்கு."

இதை என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம். சுவாமி சிரித்துவிட்டார். "அப்ப கையை நீட்டுங்க மகள்" என்று அவளுடைய கைகளிலேயே தீர்த்தம் தெளித்தார். பிறகு, "அந்தப் பிள்ளைக்கும் செபிப்பம். பேரென்ன?" என்றார்.

"மார்த்தா, சுவாமி. அவளுக்கும் என்னைப்போல அம்மா மட்டும்தான்" என்றாள் டிலானி.

டிலானி வெல்வாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் செபமாலையைக் கையில் எடுத்ததும் அந்தப் பெயரும் கூடவே வந்தது. மார்த்தாவுக்காக எதைக் கேட்பது? வெற்றியைக் கேட்க முடியாது. தோற்றபின் தன் காலாலேயே நடந்து தாயிடம் போகட்டும் என்று மாதாவிடம் கேட்டேன். இதற்குமேல் என்னிடம் யாரும் எதிர்பார்க்கக் கூடாது.